ஒற்றைக் கைப் பேச்சு

கடித்த பிறகும் சிவநேசன் கையை உருவிக்கொள்ளவில்லை.

கூண்டில் குரங்குக் குட்டியின் கால் தீனிக் கதவின் கீலில் மாட்டியிருந்தது. அது துடித்த துடிப்பில் இன்னும் கொஞ்சம் விட்டால் எலும்பு முறிந்திருக்கும். தடித்த கையுறையோடு அந்த இடுக்கில் விரல் நுழையாது. மெல்லிய உறையோடு கையை உள்ளே விட்டான். தாய்க்குரங்கு பாய்ந்து வந்து உள்ளங்கையின் விளிம்பில் பல்லைப் பதித்தது. அவன் கீலை நெம்பிக்கொண்டே இருந்தான். கால் விடுபட்டது. தாய் குட்டியை அள்ளி வயிற்றோடு சேர்த்துக்கொண்டு மேல்பலகைக்குத் தாவியது. அதன்பிறகுதான் கையை வெளியே எடுத்தான். கூண்டைப் பூட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை முழங்கையால் அழுத்தினான்.

ஆனைமலை அடிவாரத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்தது அந்த ஆய்வு மையம். வருஷத்துக்கு ஒன்றாகப் புதுக் காய்ச்சல் வந்துகொண்டிருந்த காலம் அது. எந்தத் தடுப்பூசியும் மனிதனிடம் வருமுன் அங்கிருந்த குரங்குகளிடம் தேறியாக வேண்டும். அந்தக் குரங்குகளுக்கெல்லாம் தலைமைக் காப்பாளன் சிவநேசன். பிறவியிலேயே காது கேட்காது. கைகளால் பேசுபவன்.

பாதுகாப்பு நர்ஸ் தெய்வானை ஓடிவந்தாள். அவளுக்குக் காது கேட்கும். அவளைப் பெற்றவர்கள் இருவருக்கும் கேட்காது. அதனால் வாய்ப்பேச்சுக்கு முன்பே கைப்பேச்சு வந்தவள். அவனைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் காயத்தில் சோப்பு போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். கால் மணி நேரம் கழுவ வேண்டும் என்பது விதி. அவளுடைய இரண்டு கைகளும் அவன் கையைப் பிடித்திருந்தன; அவனுடைய வலது கை தண்ணீரில் இருந்தது. கழுவி முடிக்கும்வரை இரண்டு பேருக்கும் கையால் பேச வழியில்லாமல் போயிற்று. “வலிக்குதுங்களா?” என்று உதட்டை அசைத்தாள். அவன் இல்லையென்று தலையாட்டினான். பொய் என்று அவளுக்குத் தெரியும்.

பொள்ளாச்சியிலிருந்து அவன் மனைவி பூங்கோதையை மையத்தின் ஓட்டுநரில்லா வண்டி கூட்டிவந்தது. அங்கே காது கேளாதோர் பள்ளியில் ஆசிரியை அவள். அவளுக்கும் கேட்காது. வந்ததும் கணவனின் கட்டைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பிறகு மையத்தின் டாக்டர் சபூராவின் பக்கம் திரும்பினாள். அவள் கைகள் கேட்டதைத் தெய்வானை குரலாக்கினாள்.

“குரங்கு கடிச்சா வர்ற இந்த வைரஸ் என்ன? சுத்தி வளைக்காமச் சொல்லுங்கன்றாங்க மேடம்.”

“குரங்குக்கு இது வாய்ப்புண் மாதிரி, வரும், போகும்,” என்றாள் சபூரா. “மனுஷனுக்குள்ள வந்தா நரம்பு வழியா மூளைக்கு ஏறிடும். ஏறிட்டா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது.”

“மாத்திரை இருக்குதுன்னு இவர் சொன்னாரே?”

“இருந்துச்சு. முன்னல்லாம் நல்லாக் கழுவி மாத்திரை குடுத்தாப் போதும். இப்ப வைரஸ் மாறிப்போச்சு. வேற ஒரு லேப்ல போன வருஷம் மாத்திரை சாப்பிட்டும் ஒரு பொண்ணு இறந்துட்டா. மாத்திரை கேக்கத்தான் செய்யுது, ஆனா மெதுவா. அது வேலை செஞ்சு முடிக்கிறதுக்குள்ள வைரஸ் மேல போயிடுது. அதனாலதான் பூட்டு.”

பூட்டு என்பது அவள் கண்டுபிடித்த ஊசி. அதற்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு. மையத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை.

“அது என்ன பண்ணும்?”

“நரம்புக்குள்ள எந்நேரமும் சரக்கு வண்டி மாதிரி ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு. மேலேர்ந்து விரலுக்கு, விரல்லேர்ந்து மேலுக்கு. இந்த வைரஸுக்குச் சொந்தமா நகரத் தெரியாது. அந்த வண்டில தொத்திக்கிட்டுத்தான் மூளைக்குப் போகும். நாங்க தோள்கிட்ட ஊசி போட்டு வண்டியவே நிறுத்திடுவோம். வைரஸ் காயத்துலயே கிடக்கும். மாத்திரை நிதானமாக் கொன்னுடும்.”

“வண்டி நின்னாக் கைக்கு என்ன ஆகும்?”

சபூரா அவனுடைய கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். “கை தூங்கிடும். ரெண்டு மாசம் போல அசையாது. அப்புறம் அசைவு வந்துடும். தொட்டாத் தெரியுற உணர்ச்சி முழுசா வரும்னு சொல்ல மாட்டேன். நடுவுல வேண்டாம்னு எடுக்கவும் முடியாது.”

“அந்தக் குரங்குகிட்ட வைரஸ் இருக்குதான்னே தெரியாதில்லீங்களா?”

“தெரியாது. எச்சில் எடுத்து அனுப்பியிருக்கோம், முடிவு வர ரெண்டு மூணு நாளாகும். பூட்டை இன்னிக்கே போடணும்.”

பூங்கோதையின் கைகள் வேகமாக அசைந்தன. தெய்வானை தயங்கிவிட்டுத்தான் சொன்னாள். “உங்க நாக்கைப் பூட்டோணும்னு யாராச்சும் வந்தா, முடிவு வர்றதுக்கு முன்னாடியே வாயத் தொறந்து காட்டுவீங்களான்னு கேக்கறாங்க.”

“தெரியல,” என்றாள் சபூரா. யோசித்துவிட்டு மறுபடியும், “நிஜமாவே தெரியல,” என்றாள்.

அந்தப் பதிலில் பூங்கோதையின் தோள்கள் கொஞ்சம் தளர்ந்தன. கணவன் பக்கம் திரும்பினாள். புருஷன் பெண்டாட்டி பேச்சு என்று தெரிந்ததும் தெய்வானை ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டாள். அந்த மொழியில் பார்ப்பதுதான் ஒட்டுக்கேட்பது. நிறைய நேரம் கழித்துப் பூங்கோதை அவள் தோளைத் தட்டினாள்.

“போட்டுருங்க,” என்று தெய்வானை டாக்டரிடம் சொன்னாள். “ஒத்தைக் கையில பேசட்டும், நான் ரெண்டு மடங்கு பாத்துக்கறேன்னு சொல்றாங்க.”

*

மூன்றாம் நாள் காலையில் முடிவு வந்தது. சபூரா தன் கண்ணாடி அறையில் இருந்தபடியே போனில் கேட்டாள். குரங்கின் எச்சிலில் வைரஸ் இல்லை. காயத்திலிருந்து எடுத்ததிலும் இல்லை.

“ஒண்ணுமே இல்லையா? நல்லாப் பாத்தீங்களா?” என்று இரண்டு தடவை கேட்டாள். போனை வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குமுன் பூட்டு போட்ட ஒருவரிடமும் வைரஸ் இருக்கவில்லை. ஒருவருக்குப் பாதத்தில், இன்னொருவருக்கு முன்கையில் உணர்ச்சி போனதுதான் மிச்சம். அவர்களிடம் உண்மையைச் சொல்லியிருந்தாள். அவர்கள் சிரித்துவிட்டு, பிழைத்தோமே என்று போய்விட்டார்கள். இவனிடம் என்னவென்று சொல்வது? உன் பேச்சில் பாதியை எடுத்துக்கொண்டேன், அதற்கு அவசியமே இருந்திருக்கவில்லை என்றா?

“இப்ப வேண்டாம் தெய்வானை,” என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். “கை திரும்பி வரட்டும். அப்புறம் நானே சொல்றேன்.”

தெய்வானைக்கு அது பிடிக்கவில்லை. “கேட்டா நான் பொய் சொல்ல மாட்டனுங்க மேடம்,” என்று மட்டும் சொன்னாள்.

அவன் கேட்கவில்லை. வாரங்கள் போயின. வலது கை துணியில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கைகள் வேண்டிய சொற்களை எல்லாம் இடது கையால் பாதியாகச் சொன்னான். சொல்லும்போது மிச்சப் பாதியை எதிரில் இருப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். பூங்கோதையின் பள்ளிப் பிள்ளைகள் அவன் பேசுவதைப் பார்த்து, மாமா வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிறார் என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் சொல்லும் நையாண்டிகள்தான் யாரிடமும் எடுபடவில்லை. கை ஒரு நொடி பிந்தினாலும் நையாண்டி செத்துவிடும். ஒருநாள் அடுப்பிலிருந்த பாத்திரத்தில் அந்தக் கை பட்டுக் கொப்பளித்தது. பூங்கோதை பார்த்துச் சொல்லும்வரை அவனுக்குத் தெரியாது.

அசைவு திரும்பியது. முதலில் கட்டைவிரல், பிறகு மற்றவை. மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் மட்டும் தொட்டால் தெரியவில்லை. அவை அசையும், வளையும், சொற்களுக்குத் துணை நிற்கும். ஆனால் அவை எங்கே இருக்கின்றன என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பேச்சு பழைய வேகத்துக்கு வரவில்லை. அவன் வேலைக்கு வந்துவிட்டான். கீல்களை எல்லாம் கழற்றி இடுக்கில்லாத கதவுகளை மாட்டச் சொல்லித் தானே கூட நின்று மாட்டினான்.

சபூரா ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்தாள். ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு வேலை வந்துவிட்டது.

*

அடுத்த வருஷம் ஆதிரைக்குக் காயம் பட்டது.

கால்நடை மருத்துவம் படித்து முடித்து வந்து சில மாதங்களே ஆன பெண். மயக்கம் தெளிந்துகொண்டிருந்த குரங்கு ஒன்று கையை வீசியதில் அவள் முகக்கவசம் பறந்தது. அதன் நகம் இடது கன்னத்தைக் கிழித்தது. எச்சில் தெறித்ததும் அங்கேதான்.

தெய்வானை கழுவி முடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். சபூரா ஊசியோடு வந்து, செய்யப்போவதை விளக்கினாள். கன்னம் மூளைக்கு ரொம்பப் பக்கம். யோசிக்க நேரம் குறைவு. காதுக்கு முன்னால் பூட்டு போட்டால் முகத்தின் இடது பாதி தூங்கிவிடும். எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது, முகத்தில் இதற்குமுன் போட்டதில்லை.

“வேண்டாம் மேடம்,” என்றாள் ஆதிரை.

“ஆதிரை, கேளும்மா...”

“மாத்திரை குடுங்க, சாப்பிடுறேன். மூஞ்சில பாதிய விட்டுட்டு நான் வீட்டுக்குப் போக மாட்டேன்.” அழுகையை அடக்கிக்கொண்டு சபூராவை நேராகப் பார்த்தாள். “ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. நீங்க பூட்டு போட்டவங்கள்ல ஒருத்தருக்காவது நிஜமா வைரஸ் இருந்துச்சா?”

தெய்வானை டாக்டரைப் பார்த்தாள்.

“இல்ல,” என்றாள் சபூரா.

“பாத்தீங்களா? எல்லாருக்கும் சும்மாவே போட்டிருக்கீங்க.”

எண்ணிக்கை அந்தப் பெண் பக்கம் இருந்தது. வற்புறுத்திப் போடச் சபூராவுக்கு அதிகாரமும் இல்லை, மனமும் இல்லை.

அப்போதுதான் வாசலில் சிவநேசன் நிற்பதைக் கவனித்தார்கள். எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. உள்ளே வந்து முக்காலியை இழுத்து ஆதிரைக்கு எதிரில் போட்டுக்கொண்டான். அவளுக்கு அவன் மொழி தெரியாது. தெய்வானை பக்கத்தில் வந்து நின்றாள்.

“என்கிட்டக் கேளு, என்ன வேணும்னாலும் கேளுன்றார் கண்ணு.”

ஆதிரை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “உங்க கை திரும்பிடுச்சா?”

அவன் கையை நீட்டிக் காட்டியபடியே சொன்னான். தெய்வானை அதைப் பார்த்துவிட்டு, “பெரும்பாலும் திரும்பிருச்சுங்குறார்,” என்றாள்.

சிவநேசன் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையைத் தூக்கி நிறுத்தினான். தெய்வானையைப் பார்த்துச் சுருக்கமாக ஏதோ சொன்னான். அவள் முகம் சிவந்துவிட்டது.

“நான் சொன்னத அப்படியே சொல்லுன்றார்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “ரெண்டு விரல்ல உணர்ச்சி இல்ல. இனி வராது. முன்ன மாதிரி வேகமாப் பேச வராது. என்ற சம்சாரத்தோட கன்னத்தைத் தொட்டா, அந்த ரெண்டு விரலுக்கு அது கன்னமா செவுறான்னு தெரியாது.”



“உங்களைக் கடிச்ச குரங்குகிட்ட?” என்றாள் ஆதிரை மெல்ல. “இருந்துச்சா?”

சபூரா வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்பே அவன் கைகள் பேச ஆரம்பித்துவிட்டன.

“இல்ல,” என்றாள் தெய்வானை அவனுக்காக. அவளுடைய கண்கள் விரிந்திருந்தன. “ஒண்ணுமே இல்ல. எனக்குப் பூட்டு போட்டது சும்மாதான். மூணாம் நாளே எனக்குத் தெரியும். கட்டு மாத்த வந்து உக்காந்திருந்தேன். டாக்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன்ல பேசிட்டிருந்தாங்க. உதட்டைப் படிச்சது பாதிதான். அவங்க மூஞ்சி மிச்சத்தைச் சொல்லிருச்சு.”

சபூரா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆதிரைக்குக் கோபம் வந்தது. “அப்புறம் எதுக்கு என்னையப் போட்டுக்கச் சொல்றீங்க?”

“நான் போட்டுக்கச் சொல்லல. நடந்தத நடந்தபடி சொல்றேன்.” அவன் நிறுத்தி, விரல்களைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு, நிதானமாகத் தொடர்ந்தான். தெய்வானையும் அதே நிதானத்தில் சொன்னாள். “மூணாம் நாள் தெரிஞ்சது முத நாள் யாருக்கும் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாதப்ப எடுத்த முடிவைத் தெரிஞ்சப்பறம் திட்டக் கூடாது. நான் நெறையத் தடவை யோசிச்சுப் பாத்துட்டேன். அந்த நாள் திரும்ப வந்தா அதே கையத்தான் நீட்டுவேன். உனக்கு வேற மாதிரித் தோணுனா அதுவும் தப்பில்ல. உன்ற மூஞ்சி, உன்ற உசுரு.”

அவ்வளவுதான். எழுந்து முக்காலியைப் பழைய இடத்தில் வைத்தான். போகவில்லை, சுவரோரமாக நின்றுகொண்டான்.

ஆதிரை தன் கன்னத்தைத் தொட்டாள். போனை எடுத்து, கேமராவில் தன் முகத்தைப் பார்த்தாள். ஒரு தடவை சிரித்துப் பார்த்தாள், அழுதுகொண்டே. பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“போடுங்க மேடம்,” என்றாள்.

*

ஊசி போட்டு, எல்லாரும் கலைந்த பிறகு சபூரா சிவநேசனைத் தேடிக் கூண்டுப் பக்கம் போனாள். அவளுக்கும் கைப்பேச்சு கொஞ்சம் வரும். தெய்வானை இல்லாமலே சமாளித்தாள்.

“தெரிஞ்சும் ஏன் கேக்கல என்கிட்ட?”

அவன் புரியும்படி மெதுவாகச் சொன்னான். “நீங்க அதைத் தூக்கிட்டு நடக்கறதுக்கே கஷ்டப்பட்டுட்டு இருந்தீங்க. நான் வேற வந்து அதுமேல கல்லை வெக்கறதுக்கா?”

“நீங்க திட்டியிருக்கணும்.”

“ஒத்தைக் கையிலயா? திட்டுறதுக்கு ரெண்டு கை வேணும்,” என்றான். அது நையாண்டி என்று புரிந்துகொள்ளச் சபூராவுக்குச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் அழுகைதான் வந்தது.

முடிவு வந்தபோது, ஆதிரையின் காயத்தில் வைரஸ் இருந்தது.

அந்த மையத்தில் முதல் தடவை. கண்ணாடித் தட்டில் அது வளர்ந்து கிடந்ததைச் சபூராவே கண்ணால் பார்த்தாள். அந்தப் பெண்ணிடம் அன்றே சொன்னாள். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவில்லை. “மூளைக்கு ஏறாதுல்ல?” என்று ஆதிரை கேட்டாள்.

“பூட்டு தாங்கணும்,” என்றாள் சபூரா. “தாங்கும்னு நம்பறேன். சத்தியம் பண்ண மாட்டேன்.”

தனி அறையில் வைத்துப் பார்த்தார்கள். காலையும் மாலையும் இரத்தமும் கண்ணில் விளக்கும், தேவைப்பட்டால் முதுகுத்தண்டு நீரும். ஆதிரையின் அப்பா அம்மா கீழே விருந்தினர் அறையில் தங்கி, கண்ணாடிக்கு வெளியே நின்று அவளோடு பேசிவிட்டுப் போவார்கள். சிவநேசனும் வேலை முடிந்ததும் வருவான். வெளியே நாற்காலி போட்டு உட்காருவான். பேச்சு எதுவும் இருக்காது. ஒருநாள் அவளுக்குத் தலைவலி வந்தது. மையமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. முதுகுத்தண்டு நீரெடுக்கச் சபூராவுக்குத் தெய்வானை கூட நின்று உதவினாள். அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போகவில்லை. பூங்கோதை சாப்பாட்டோடு வந்து அவன் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். தலைவலி வெறும் தலைவலிதான் என்று தெரிந்த பிறகும் இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள்.

பூட்டு தாங்கியது. மாத்திரை தன் வேலையை முடித்தது. இனி ஆபத்தில்லை என்ற முடிவு வந்த காலையில் சபூரா கதவைத் திறந்துவிட்டு, “போ, உங்கப்பா அம்மா கீழ இருக்காங்க,” என்றாள்.

“போறேன் மேடம். முதல்ல அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க யாரும் சொல்லிடாதீங்க.”

சிவநேசன் கூண்டுகளுக்கு வெளியே பழங்களை நறுக்கிக்கொண்டிருந்தான். ஆதிரை அவன் எதிரில் வந்து நின்று சொன்னாள். அவன் அவள் உதட்டைப் பார்த்தான், புருவத்தைச் சுருக்கினான். மறுபடியும் சொன்னாள், கொஞ்சம் உரக்க. உரக்கச் சொல்லி என்ன? முகத்தின் இடது பாதி இன்னும் உறக்கத்தில் இருந்தது. உதட்டின் ஒரு பக்கம் சொன்னதை மறுபக்கம் சொல்லவில்லை. அவனால் படிக்க முடியவில்லை. அவளுக்கு அது புரிந்தபோது முகம் வாடிப்போயிற்று.

தெய்வானை பின்னாலிருந்து வேகமாக வந்தாள். சிவநேசன் கத்தியை வைத்துவிட்டு, பொறு என்று அவளுக்குக் கை காட்டினான். ஆதிரையைப் பார்த்து, நீயே சொல் என்பதுபோலத் தலையசைத்தான்.

ஆதிரை யோசித்தாள். கன்னத்தைத் தொட்டாள். இரண்டு கைகளையும் உதறி, ஒன்றுமில்லை என்று விரித்துக் காட்டினாள். பிறகு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நெஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்து, பெரிதாக மூச்சை இழுத்து விட்டாள். கடைசியாக, உங்களால்தான் என்பதுபோல அவனுடைய வலது கையைச் சுட்டிக் காட்டினாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. மேலே பார்த்து, கீழே பார்த்து, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, நீ சொன்னதில் ஒரு சொல் சரியில்லை என்பதுபோல விரலை ஆட்டினான். தன் கைகளை நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து, உயிரோடிருக்கிறேன் என்பதை அந்த மொழியில் எப்படிச் சொல்வது என்று செய்து காட்டினான்.

ஆதிரை செய்தாள். தப்பாக இருந்தது. அவன் அவள் விரல்களைப் பிடித்து நிமிர்த்தி வைத்தான்.

மறுபடியும் செய்தாள். இந்தத் தடவை சரியாக இருந்தது.